1959 லெஸ் பால்: அந்த டோன் மரத்திலா, காந்தத்திலா, வயதிலா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். கிப்ஸன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை அங்கே ஒரு கிட்டாரைச் செய்தது. லெஸ் பால் ஸ்டாண்டர்ட். முன்பக்கம் நடுவில் மஞ்சளாகத் தொடங்கி ஓரம் போகப் போகச் சிவக்கும் 'சன்பர்ஸ்ட்' பூச்சு. அன்றைய விலை சுமார் 250 டாலர். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மூன்று ஆண்டும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு கிட்டார், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான் செய்தார்கள். 1961இல் அந்த வடிவத்தையே விட்டுவிட்டு, இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடலுக்கு மாறினார்கள். பின்னாளில் எஸ்ஜி என்று பெயர் பெற்றது அதுதான்.

விற்காத அந்தக் கிட்டாருக்கு இன்று பல லட்சம் டாலர் விலை. வாசிப்பவர்கள் சுருக்கமாக 'பர்ஸ்ட்' என்பார்கள். அதிலும் 1959 என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதன் டோனில், அதாவது ஒலியின் குணத்தில், அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் மூன்று பதில் வரும். அந்தக் காலத்து மஹோகனி மரம்; பிஏஎஃப் என்ற பிக்கப், அதாவது தந்தியின் ஆட்டத்தை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்; அறுபது ஆண்டுக்கு மேல் காய்ந்து பழுத்த உடல். மூன்றுக்கும் ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்றும் சம பங்காளிகள் இல்லை. பிக்கப்புக்கும் அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் பெரும்பங்கு. மரத்துக்குச் சிறு பங்கு, அதுவும் சுற்றுவழியில். வயதின் பேரில் நாம் எழுதும் வரவில் பாதிக்கு மேல் வேறு யாருடையதோ.

பிக்கப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எலக்ட்ரிக் கிட்டாரில் கேட்கும் வேலையைச் செய்வது அது மட்டும்தான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுச் செப்புக் கம்பியால் பல ஆயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப்புலமும் சேர்ந்து ஆடுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட அதே மின்காந்தத் தூண்டல். கவனிக்க வேண்டியது ஒன்று: காற்றில் வரும் சத்தத்தை இது கேட்பதில்லை. நைலான் தந்தி மாட்டிப் பாருங்கள், ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) ஒன்றும் வராது. மரம் எவ்வளவு அழகாக அதிர்ந்தாலும் மரத்துக்குக் காந்தத்தன்மை இல்லை. மரம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தந்தியின் அசைவை மாற்றித்தான் சொல்ல முடியும்.

ஒரே ஒரு சுருள் இருந்தால் அது தந்தியோடு சேர்த்து அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடிக்கும். கிப்ஸனின் பழைய பி-90 பிக்கப்புக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதைத் தீர்க்கும் வேலை சேத் லவர் என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காந்தத் துருவத்தையும் சுற்றும் திசையையும் எதிரெதிராக்கினார். வெளியிலிருந்து வரும் அந்த இரைச்சல், அதாவது 'ஹம்', இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். தந்தியின் சிக்னல் மட்டும் கூடும். ஹம்பக்கர் என்ற பெயரே அதனால் வந்தது. காப்புரிமைக்கு 1955இல் விண்ணப்பித்தார்கள், 1959இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டினார்கள். அந்த வாசகத்தின் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டு அதையே ஒட்டினார்கள். கடைசியில் எண்ணை அச்சிட்டபோது, பிக்கப்பின் எண்ணைப் போடாமல் கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால், தந்தி மாட்டும் டெயில்பீஸுக்கு வாங்கிய காப்புரிமையின் எண்ணைப் போட்டார்கள்! போட்டியாளர்களைத் திசைதிருப்பவா, கவனக்குறைவா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹம் போனது சரி. ஆனால் இரட்டைச் சுருள் டோனையும் மாற்றிவிட்டது, அது லவர் தேடிப் போனது இல்லை. ஒரு சுருளுக்கு ஏறக்குறைய ஐந்தாயிரம் சுற்று, இரண்டும் தொடராக இணைந்தால் பத்தாயிரம். சுற்று கூடினால் சிக்னல் பலமாகும், மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணமான இண்டக்டன்ஸும் ஏறும். அந்த இண்டக்டன்ஸும் கேபிளில் சேரும் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு மேடு. அதற்கு மேலே எல்லாம் சரிவு. போட்டி நிறுவனமான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அந்த மேடு ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். ஹம்பக்கரில் 3,000க்குக் கீழே இறங்கிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் இதுவே. ஸ்ட்ராட் பளிச்சென்று கண்ணாடி உடைகிற மாதிரி இருப்பதும், லெஸ் பால் தடித்துக் கொழுத்துக் கேட்பதும் முதலில் இந்த மேட்டின் இடத்தால்தான். தவிர, ஹம்பக்கர் தந்தியை ஒரே புள்ளியில் பார்ப்பதில்லை, சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளில் பார்க்கிறது. அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகளை ஹார்மோனிக் என்பார்கள்; அலைநீளம் குறைந்த உயர் ஹார்மோனிக்குகளில் சில அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

இனி பிஏஎஃப்பின் தனிப் புகழுக்கு வருவோம். கலமசூவில் அந்தக் காலத்துச் சுற்று இயந்திரங்களில் இத்தனை சுற்று ஆனதும் தானாக நிற்கும் வசதி சரியாக இல்லை. கம்பி சுற்றும் பாபின் நிறைந்தது போலத் தெரிந்ததும் நிறுத்துவார்கள். அதனால் மின்தடை ஒரு பிக்கப்பில் 7 கிலோ ஓமும் இன்னொன்றில் 9 கிலோ ஓமுமாக வந்தது. ஒரே பிக்கப்பின் இரண்டு சுருளிலும்கூடச் சுற்று ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத சுருளில் ஹம் முழுதாக அழியாது, ஆனால் மேல்ஸ்தாயி கொஞ்சம் கூடுதலாகத் தப்பி வரும். காந்தமும் அப்படித்தான்: அல்னிகோ என்ற காந்த உலோகக் கலவையில் 2, 3, 4, 5 என்று எந்த வகை கையிருப்பில் இருந்ததோ அது போனது. ஒரே கல்லில் ஊற்றினாலும் ஒரு தோசை போல இன்னொன்று வராது என்பார்களே, பிஏஎஃப் அந்தக் கதைதான். ஆகவே '1959 பிஏஎஃப் டோன்' என்று ஒருமையில் பேசுவதே பாதி கற்பனை. நல்லதாக அமைந்தவை இருந்தன, சுமாரானவையும் இருந்தன.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959 லெஸ் பால், 'கிரீனி' என்றே பெயர் பெற்றது. அவருக்குப் பிறகு கேரி மூர், இப்போது மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமட் என்று கைமாறி வந்திருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் அதில் மூக்கால் பாடுவது போல ஒரு மெலிந்த, ஏக்கமான ஒலி வரும். வேறு பர்ஸ்ட்டுகளில் அது வராது. எந்தக் காட்டு மரம், என்ன மாயம் என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். விஷயம் சின்னது: நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருக்கிறது. இரண்டு பிக்கப்பும் எதிர்க்கட்டத்தில் போய், அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்கி, அடித்தள ஒலி பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. இன்று யார் வேண்டுமானாலும் ஸ்க்ரூடிரைவரும் ஸோல்டரிங் அயர்னும் வைத்து ஒரு மாலைக்குள் இதைச் செய்துகொள்ளலாம்.

பிக்கப்பின் இடமும் அதன் வகைக்குச் சற்றும் குறைந்ததில்லை. உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே அதன் ஆட்டம் குறுகலாக இருக்கும், அடிப்படை ஸ்வரம் மெலிந்து உயர் ஹார்மோனிக்குகள் தூக்கலாகத் தெரியும். நெக் பக்கம் வந்தால் நேர்மாறு. ஸ்ட்ராட்டின் நெக் பிக்கப் ஏறக்குறைய 24ஆம் ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகப் பட்டி) வர வேண்டிய இடத்தில், அதாவது திறந்த தந்தி நீளத்தில் கால் பங்கில் நிற்கிறது. நான்காம் ஹார்மோனிக் அங்கே அசைவதே இல்லை. ஆகவே அது சிக்னலில் இல்லை. இதனால்தான் 24 ஃப்ரெட் கிட்டார்களில் நெக் பிக்கப்பைப் பின்னே தள்ளும்போது அந்த உருண்டையான ஒலி கொஞ்சம் கைநழுவுகிறது. ஃப்ரெட்டில் விரல் வைத்ததும் இந்தக் கணக்கெல்லாம் மாறும் என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிக்கப்புக்குப் பின்னால் பாட் (நாப்பின் அடியில் இருக்கும் மாறு மின்தடை), கெப்பாசிட்டர், கேபிள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டால் நான் சொன்ன மேடு தட்டையாகி ஒலி மந்தமாகும். ஆறு மீட்டர் கேபிள் என்றால் ஏறக்குறைய 600 பிகோஃபாரட். மூன்று மீட்டருக்கு மாற்றினாலே மேடு மேலே நகர்வது காதுக்குத் தெரியும். இதையெல்லாம் கவனிக்காமல் ஐம்பதுகளின் 'பம்பிள்பீ' கெப்பாசிட்டருக்குப் பெரும்பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். டோன் நாப் பத்தில் இருக்கும்போது கெப்பாசிட்டரின் பங்கு மிகச் சொற்பம்.

சரி, மரம்.

வணிக ரீதியில் வெற்றி கண்ட முதல் எலக்ட்ரிக் கிட்டார் மரத்தாலானது இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் விற்ற, 'வாணலி' என்று செல்லப்பெயர் வாங்கிய, மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீல் கிட்டார் முழுதும் அலுமினிய வார்ப்பு. அதன் பிறகு பேக்கலைட்டில் செய்தார்கள். டான்எலக்ட்ரோ, மரச் சட்டத்தின் மேல் மேசனைட் அட்டையை ஒட்டி விற்றது. ஜிம்மி பேஜ் அதை மேடையில் வாசித்தார். 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் ஆம்ப்பெக் நிறுவனத்துக்காக வடிவமைத்தது கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிட்டார். கீத் ரிச்சர்ட்ஸ் அதே ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அதை எடுத்துப் போனார். இவை எல்லாமே எலக்ட்ரிக் கிட்டாராகத்தான் ஒலித்தன.

2021இல் நாஷ்வில் நகரத்து இசைக்கலைஞர் ஜிம் லில் இதை எல்லை வரை கொண்டுபோனார். உடலும் இல்லை, நெக்கும் இல்லை; இரண்டு மேசைக்கு நடுவே வெறும் காற்றில் தந்திகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பின் இடத்தையும் உயரத்தையும் தன் நல்ல டெலிகாஸ்டர் (ஃபெண்டரின் இன்னொரு மாதிரி) வகைக் கிட்டாரோடு ஒத்துப்போகும்படி வைத்து வாசித்தார். பதிவில் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். மரக் கட்சிக்காரர்களுக்கு இது பெரிய அடி.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு 'மரத்துக்கு வேலையே இல்லை' என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். போலந்தின் கிராக்கோவ் நகரத்து ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மற்றதை எல்லாம் நிலையாக வைத்து மரத்தை மட்டும் மாற்றிப் பதிவு செய்தபோது, வேறுபாடு கருவியில் அளக்கக்கூடியதாக இருந்தது. கேட்டவர்களாலும் அதை உணர முடிந்தது. எப்படி என்றால், தந்தியின் இரண்டு முனையும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. பிரிட்ஜும் ஃப்ரெட்டும் சிறிதளவு ஆடும். எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகிறதோ அந்த அதிர்வெண்ணில் தந்தியின் ஆற்றலை மரம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மரம் டோனுக்கு எதையும் கூட்டுவதில்லை. எங்கே எவ்வளவு வேகமாகக் கழிக்கிறது என்பதில்தான் ஒரு மரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

இதைக் காதால் நன்றாகக் கேட்க வேண்டுமானால் பேஸ் கிட்டாருக்குப் போக வேண்டும். ஃபெண்டர் வகை பேஸில் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரைக்குள் ஒரு ஸ்வரம் பொசுக்கென்று அணைந்துபோகும். 'டெட் ஸ்பாட்' என்பார்கள். ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் ஃப்ளைஷரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களில் அதை அளந்து காட்டினார்கள்: நெக் வளைந்து ஆடும் இயல்பான அதிர்வெண்ணும் அந்த ஸ்வரமும் ஒன்றாகிவிடும்போது ஆற்றல் நெக்குக்குள் போய்விடுகிறது. நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு பித்தளைக் கிளாம்ப் மாட்டி எடையைக் கூட்டினால் அந்தச் செத்த இடம் நகர்ந்துவிடும். கவனியுங்கள், இங்கே பெரிய ஆட்டக்காரர் நெக். பிரசுரங்களில் புகழப்படும் உடல் மரம் இரண்டாம் வரிசையில்தான் நிற்கிறது.

மர வகையின் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதாது. ஒரே மஹோகனியில் ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் அடர்த்தி வெகுவாக மாறும். பர்ஸ்ட்டுகளே நான்கு கிலோவை ஒட்டி முன்னும் பின்னுமாக எடை காட்டுகின்றன. இன்னொன்று: வாசிப்பவருக்கு மரம் விலாவிலும் தொடையிலும் தெரியும், ஆம்ப் போடாமல் தட்டினால் காதுக்கும் தெரியும். அந்த உணர்வு வாசிப்பை மாற்றும். ஆனால் அரங்கின் பத்தாம் வரிசையில் இருப்பவருக்குப் போய்ச் சேருவது பிக்கப் அனுப்பியது மட்டும்தான். மரமா பிக்கப்பா என்ற சண்டையில் இரண்டு கட்சியும் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஒலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு விதிவிலக்கு உண்டு: பிஏஎஃப்பின் சுருளில் மெழுகு ஊற்றியிருக்க மாட்டார்கள். தளர்ந்த சுற்றுகள் கொஞ்சம் மைக்ரோஃபோன் போல நடந்துகொள்ளும்; உடலைத் தட்டினால் ஆம்ப்பில் கேட்கும். பர்ஸ்ட்டில் மரத்தின் குரல் நேரடியாக உள்ளே வர ஒரு சிறு சந்து இதுதான்.

மரப் பேச்சில் நம் ஊரும் வருகிறது. அந்த 1959 கிட்டாரில் விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டு பிரேசிலின் ரோஸ்வுட். 1960களின் பிற்பகுதியில் பிரேசில் கட்டைகளின் ஏற்றுமதியைத் தடுத்ததும் கிப்ஸனும் ஃபெண்டரும் இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தார்கள். நம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்வோமே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே மரம்தான். அனுமதியில்லாமல் அதை வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1990களிலேயே தனிச் சட்டம் வந்தது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, செய்து முடித்த கிட்டாரை எல்லை தாண்டி விற்கவே காகிதம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகுதான் கிட்டார் கம்பெனிகள் மூச்சு விட்டன. ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டிய ஒரு பட்டை டோனில் செய்யும் வித்தியாசத்துக்கு இவ்வளவு அமர்க்களம் தேவையா என்பது என் சந்தேகம்.

வயதுக்கு வருவோம். பர்ஸ்ட்டில் கண்ணுக்குத் தெரிய வயதானது பூச்சு. அன்று போட்ட சிவப்புச் சாயம் வெயில் பட்டு வெளுத்துவிட்டது. 1960இல் கிப்ஸன் வெளுக்காத சாயத்துக்கு மாறும் முன் செய்தவற்றில் சில, சிவப்பே இல்லாமல் எலுமிச்சை நிறமாகிவிட்டன. ஒரே தொழிற்சாலையில் செய்த கிட்டார்கள் இன்று ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருப்பதற்கு அதுவே காரணம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சளித்து மெல்லிய விரிசல் விட்டிருக்கும். ஃப்ரெட் தேய்ந்திருக்கும், பாட்டின் மதிப்பு நகர்ந்திருக்கும்.

காந்தம் கிழடாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அல்னிகோ அப்படி லேசில் தளராது. வேறொரு பலமான காந்தத்தின் அருகே வைக்காமல், அதிகம் சூடாக்காமல் விட்டால் அரை நூற்றாண்டில் அது இழப்பது மிகக் குறைவு. செப்புக் கம்பி அப்படியேதான் இருக்கும். மரத்தில் மாற்றம் நிஜம்: பல பத்தாண்டுகளில் ஹெமிசெல்லுலோஸ் மெல்லச் சிதைந்து, மரம் ஈரத்தை இழுப்பது குறைகிறது. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள வயலின் மேற்பலகையில் இது முக்கியமாக இருக்கலாம். ஐந்து சென்டிமீட்டர் கனக் கட்டையில், அதன் பங்கே சிறிதாக இருக்கும் கருவியில், இது சிறியதிலும் சிறியது. வயலினிலேயே கதை அவ்வளவு தெளிவில்லை. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் வாசிப்பவர்களுக்குக் கருவி தெரியாதபடி செய்து நடத்திய சோதனைகளில், தேர்ந்த வயலின் கலைஞர்கள் ஸ்ட்ராடிவாரியஸைவிடப் புதிய வயலின்களைத்தான் அதிகம் விரும்பினார்கள்.

குயீன் குழுவின் பிரையன் மேயின் கிட்டாரைப் பாருங்கள். 1963இல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. நெக், நூறாண்டு பழைய கணப்படுப்பின் மேல்பலகையிலிருந்து எடுத்த மஹோகனி. உடலில் பழைய மேசையின் ஓக். பழைய மரத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஆனால் அந்த ஒலி வேண்டும் என்று முயல்பவர்கள் யாரும் கணப்படுப்பைத் தேடிப் போவதில்லை. தொடராக இணைத்த மூன்று பர்ன்ஸ் ட்ரைசானிக் பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்ட ஸ்விட்ச், மேல்ஸ்தாயியைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர், முழு வால்யூமில் வாக்ஸ் ஏசி30 ஆம்ப், பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயம். இத்தனையும் கூடினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பழைய கிட்டார்கள் நன்றாக இருப்பதற்கு எனக்குப் படும் பெரிய காரணம், காலம் சல்லடை போட்டுச் சலித்தது. அறுபது ஆண்டில் மட்டமானவற்றை ஒடித்தார்கள், பிக்கப்பைப் பிடுங்கினார்கள், பரணில் போட்டார்கள். கைக்கும் காதுக்கும் பிடித்தவையே பத்திரமாகக் கைமாறின. இன்று வாசிக்கக் கிடைப்பது அந்தச் சல்லடையில் தேறியது. அப்புறம் ஆம்ப். பர்ஸ்ட்டின் மோகம் பெரிதாகக் கிளம்பியது 1966இல் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்பைக் காது கிழியத் திறந்து வைத்துப் பதிவு செய்த பிறகுதான். ஹம்பக்கரின் பலத்த சிக்னல் வால்வுகளை உதைத்து எழுப்பிய சிதைவு அது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரியும் கிட்டார் ஸ்பீக்கர் அதன் முனைகளை மழித்தது. 1968இல் கிப்ஸன் மறுபடியும் லெஸ் பால் செய்ய ஆரம்பித்ததற்கு இந்தக் கூட்டணிதான் காரணம்.

கையில் இருக்கும் கிட்டார் பிடிக்கவில்லை என்றால் செலவின் வரிசையும் இதேதான். புதுத் தந்தி, பிறகு பிக்கப்பின் உயரம், பாட்டின் மதிப்பு, பிக்கப், ஸ்பீக்கர். மரம் எல்லாவற்றுக்கும் கடைசி. இதில் காசே ஆகாதது உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால், பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்கு மெல்லிய தந்தியின் பக்கம் 2 மில்லிமீட்டர், தடித்த தந்தியின் பக்கம் 2.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். அதற்கும் அருகே ஏற்றினால் ஒலி பெருக்கும், ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் தந்தியின் மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் தள்ளாடி, எவ்வளவு ட்யூன் செய்தாலும் அபஸ்வரமாகவே கேட்கும். கால் திருப்பு இறக்கிவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள்.